அறியாதவர்மீதும் ஆளுகை உண்டா?

கேள்வி: கிறிஸ்துவை ஏற்காதவர்களும் தேவனுடைய ஆளுகைக்கு உட்பட்டவர்களே என்று எங்கள் போதகர் பிரசங்கித்தார். எங்கள் பக்கத்து வயல்காரர் அழகர்கோவிலுக்கு நேர்ந்துகொண்டு நடவு தொடங்குபவர். அதே பெரியாற்றுத் தண்ணீரில் எங்களைப் போலவே நன்றாக விளைவிக்கிறார். அவரையும் தேவனே நடத்துகிறார் என்றால், அவிசுவாசிகள் செய்யும் கொடுமைக்கும் அவரே பொறுப்பாகிவிட மாட்டாரா?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: போதகர் சொன்னது வேதாகமத்துக்கு ஒத்ததே. கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்து, சிறைப்பட்டிருந்த யூதர்கள் எருசலேமுக்குத் திரும்ப வழிவிட்ட பாரசீக அரசன் கோரேசைத் தாம் அபிஷேகம்பண்ணினவன் என்று அழைக்கும் கர்த்தர், ஏசாயா 45ஆம் அதிகாரத்தில் ‘நீ என்னை அறியாதிருந்தும்’ என்று அவனிடம் இருமுறை சொல்கிறார். 1879இல் பாபிலோன் இடிபாடுகளில் கிடைத்த அவனுடைய களிமண் உருளையோ அவ்வெற்றியைப் பாபிலோனியரின் மர்தூக் தெய்வத்துக்கு உரியதாக்குகிறது. எஸ்றா முதல் அதிகாரத்தில் அவன் கர்த்தரின் பெயரைச் சொல்கிறானே என்று கேட்கலாம். அந்தந்த மக்களிடம் அவரவர் தெய்வத்தின் பெயரால் பேசுவது அவனுடைய அரசியல் என்பதே என் கருத்து. எப்படியாயினும், தேவனுடைய திட்டம் அவனுடைய விசுவாசத்துக்காகக் காத்திருக்கவில்லை.

உங்கள் அயலாரின் விளைச்சலைப் பற்றிய விடை அப்போஸ்தலர் 14இல் இருக்கிறது. பவுலையும் பர்னபாவையும் தெய்வங்களென எண்ணிப் பலியிட வந்த லீஸ்திரா ஊர் மக்களிடம், மழையும் செழிப்பான காலங்களும் தந்து தேவன் தமக்குச் சாட்சி விளங்கப்பண்ணினார் என்றே அவ்விருவரும் பேசினார்கள். கால்வின் வழிவந்த சீர்திருத்த இறையியலார் இதைப் பொதுவான கிருபை என்பர். இரட்சிக்கும் கிருபை வேறு என்பதில் அவர்கள் உறுதியானவர்கள். தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடுவோர் மீட்படையக்கூடும் என்று 1964இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. அது தனி விவாதம்.

கடினமானது உங்கள் கடைசிக் கேள்விதான். ஏசாயா 10இல், இஸ்ரவேலை ஒடுக்கிய அசீரியன் தேவனுடைய கோபத்தின் கோல் எனப்படுகிறான். ஆனால் அவன் அப்படி எண்ணவில்லை, பல ஜாதிகளை அழிப்பதே அவன் மனதிலிருந்தது என்கிறது ஏழாம் வசனம். அந்த எண்ணம் அவனுடையது. ஆகையால் தேவன் தம் செயலை முடித்தபின் அவனுடைய அகந்தையை விசாரிக்கிறார். தீயவன் செயலைத் தேவன் தம் நோக்கத்துக்குத் திருப்புவதால் அத்தீமை தேவனுடையதாவதில்லை, செய்தவன் குற்றம் குறைவதுமில்லை. அப்படியானால் அவனை இவ்வளவு காலம் விட்டுவைப்பது ஏன்? தீர்க்கதரிசி ஆபகூக் இதையே தேவனிடம் நேரடியாகக் கேட்டார். அவருக்குக் காரணம் சொல்லப்படவில்லை. கொடுமை செய்த கல்தேயருக்கும், அதாவது பாபிலோனியருக்கும், நியாயத்தீர்ப்பின் காலம் குறிக்கப்பட்டிருக்கிறது, அது தாமதித்தாலும் காத்திரு என்பதே அவருக்குக் கிடைத்த பதில்.