எச்சிலில் தெரியுமா எதிர்காலச் சாம்பியன்?

கேள்வி: குழந்தையின் எச்சிலைப் பரிசோதித்தே, அது எந்த விளையாட்டில் சாதிக்கும் என்று சொல்லிவிடலாம் என்கிறார்கள். என் ஒன்பது வயது மகனுக்கும் அப்படிப் பார்த்து, உரிய பயிற்சியில் சேர்ப்பதுதானே புத்திசாலித்தனம்?

பதில்: பரிசோதனையை விற்பவருக்கு அது புத்திசாலித்தனம்தான். இத்தகைய அறிக்கைகளில் தவறாமல் இடம்பெறுவது ஏ.சி.டி.என்.3 என்ற மரபணு. விரைவாகச் சுருங்கும் தசை இழைகளுக்குரிய ஆல்ஃபா-ஆக்டினின்-3 என்ற புரதம் இதிலிருந்தே உருவாகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதியையே பெற்றவர்களின் உடலில் அந்தப் புரதம் அறவே இருப்பதில்லை. 2003-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், பொதுமக்களில் 18 விழுக்காட்டினரிடம் இருந்த இந்தக் குறை, உயர்மட்டக் குறுந்தொலைவு மற்றும் வலிமை விளையாட்டு வீரர்களில் 6 விழுக்காட்டினரிடமே காணப்பட்டது. கண்டுபிடிப்பு உண்மையானது, அதிலிருந்து விளம்பரக்காரர்கள் தாவிய தாவல்தான் பொய்யானது.

ஏனெனில், ஜமைக்காவின் ஓட்ட வீரர்களிடம் இந்தக் குறை அரிது என்பதைச் சொல்பவர்கள், ஓடுகளத்தையே மிதிக்காத ஜமைக்கர்களிடமும் அது ஏறத்தாழ அதே அளவு அரிது என்பதைச் சொல்வதில்லை. உலகில் கோடானுகோடிப் பேரிடம் உள்ள 'நல்ல' பிரதி எவரையும் பதக்க மேடைக்கு அழைத்துச் சென்றுவிடாது. மறுபுறம், அந்தப் புரதமே இல்லாத ஸ்பானிய நீளந்தாண்டல் வீரர் ஒருவர் எட்டு மீட்டருக்கு மேல் தாண்டி, இருமுறை ஒலிம்பிக்கிலும் பங்கேற்றார். ஒன்பது வயதில் இந்த அறிக்கை கையில் கிடைத்திருந்தால், அவரைத் தாண்டவே விட்டிருக்க மாட்டார்கள்.

ஒற்றை மாறுபாடு பெரிய அனுகூலம் தந்த நிகழ்வும் உண்டு. 1964 இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் இரண்டு தங்கம் வென்ற பின்லாந்தின் ஈரோ மான்டிரான்டாவின் உடலில், பிறவி மரபணு மாறுபாடு ஒன்றால், ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்கள் மிகுதியாக உருவாயின. ஆனால் அது மிக அரிய மாறுபாடு. அதே மாறுபாட்டைப் பெற்றிருந்த அவருடைய உறவினர்கள் அனைவரும் ஒலிம்பிக் வீரர்களாகிவிடவும் இல்லை.

விளையாட்டுத் திறனில் மரபுக்குக் கணிசமான பங்குண்டு என்பதை இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தப் பங்கு எண்ணற்ற மரபணுக்களில் சிறிது சிறிதாகச் சிதறிக் கிடப்பதால், ஓரிரண்டைப் பார்த்துத் திறமையைக் கணிக்க முடியாது. 2015-இல் இத்துறை வல்லுநர்கள் கூடி வெளியிட்ட அறிக்கையும், திறமையைக் கண்டறிய இப்பரிசோதனைகளுக்கு இடமில்லை என்றே கூறியது. மகன் வேகமாக ஓடுகிறானா என்று அறிய வேண்டுமானால், ஓடவிட்டுப் பாருங்கள்.

உங்கள் குடும்பத்தில் எவரேனும் இளம் வயதில் திடீரென இறந்திருந்தால் மட்டும், கடும் பயிற்சியில் சேர்க்கும் முன் மகனை இதய மருத்துவரிடம் காட்டுங்கள். பரம்பரையாக வரும் இதயத் தசைத் தடிப்பு போன்ற நோய்களில் மரபணுப் பரிசோதனைக்கு உண்மையான பயன் உண்டு; அது தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.