காட்டரசுகளின் கற்பனை வரலாறு – கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். நானும் நண்பர்கள் நால்வரும் மூன்று வருடமாகச் சனிக்கிழமை இரவுகளில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, கதை சொல்லியும் பகடை உருட்டியும் ஆடும் ஆட்டத்தை ஆடி வருகிறோம். ஆட்டத்தை நடத்துபவன் நான். விதிகள் ஆங்கிலத்தில் இருந்தாலும் பேச்சு முழுக்கத் தமிழில்தான்.

போன வருடம் அந்த ஆட்டத்தின் கற்பனை உலகங்களில் ஒன்றான ஃபர்காட்டன் ரெல்ம்ஸின் தெற்கே இருக்கும் சல்ட் என்ற காட்டுத் தீபகற்பத்தில் ஆடினோம். டைனோசர்கள், பாம்பு மனிதர்கள், தெய்வம் கைவிட்ட நகரங்கள் என்று நன்றாகவே போனது. முடிந்த அன்று ஒரு நண்பன் கேட்டான்: "ஏண்டா, காட்டுல இருக்கற ராஜ்யமெல்லாம் ஏன் செத்தே கெடக்குது? நாம போறப்ப ஒன்னுகூட உசுரோட இல்லையே." எனக்குப் பதில் தெரியவில்லை.

அதனால் சொந்தமாகவே ஒரு காட்டுலகத்தை எழுத ஆரம்பித்தேன். ஏழு அரசுகள், 900 ஆண்டு வரலாறு, 42 அரசர்களின் பட்டியல் என்று ஒரு நோட்டுப் புத்தகமே நிறைந்துவிட்டது. படித்துக் காட்டினால் பையன்களுக்குக் கண் சொருகுகிறது. இதில் என் மாமா வேறு, "நம்ம கடாரத்து வரலாற்றையே எவனும் படிக்கல, நீ இல்லாத ராஜ்யத்துக்கு வரலாறு எழுதுறியா?" என்று கேட்டுவிட்டார். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. இல்லாத வரலாற்றை எழுதுவது, இருக்கிற வரலாற்றுக்குச் செய்யும் துரோகமா அக்கா?

அன்புடன்,
செந்தூல் வாசகன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். மாமாவின் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

சல்ட் எனக்கும் பிடித்த நிலம். தீச்சிகரங்களின் அடியில், உலகத்தை விழுங்கக் காத்துக் கிடக்கிறது டெண்டார் என்னும் இரவுப் பாம்பு. அதைக் காவல் காக்கச் சம்மதித்ததற்காக அந்த நிலத்தைப் பெற்றுக்கொள்கிறது உப்டாவ் என்னும் தெய்வம். அது உண்டாக்கிய நகரம் மெஸ்ரோ. ஜனங்கள் சின்னச் சின்னக் குறைகளையும் தூக்கிக்கொண்டு ஓயாமல் வந்து நிற்க, தெய்வம் சலித்துப்போய் ஒதுங்கிக்கொள்கிறது. எதிரி வந்து கோட்டையை உடைத்தான் என்று எழுதுவதைவிட இது எவ்வளவோ மேலான கற்பனை. உப்டாவின் குறி ஒரு சுற்றுவழிப் புதிர். என் பாட்டி மார்கழியில் வாசலில் போடும் ஏழுசுற்றுக் கோட்டைக் கோலம் அதே சாதிதான். நுழைந்தால் வெளியே வருவதற்குள் விரல் சோர்ந்துவிடும். அந்தக் குறியை முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்து ஓமு நகரத்துக்கு வாருங்கள். தெய்வம் போன பிறகு அந்த ஜனங்கள் ஒன்பது குட்டித் தெய்வங்களைக் கும்பிட்டார்கள். செத்தும் சாகாத மந்திரவாதி அசெரெராக் வந்து ஒன்பதையும் கொன்றான். ஜனங்களை அடிமையாக்கித் தெய்வங்களுக்குக் கல்லறை தோண்ட வைத்தான், வேலை முடிந்ததும் அவர்களையும் கொன்றான். அப்புறம் காடு மூடிக்கொண்டது. இந்தக் கடைசி வாக்கியம்தான் உங்கள் நண்பரை உறுத்தியிருக்கிறது. கற்பனை உலகங்களில் பாலைவன அரசு போரில் தோற்கும், மலையரசு பேராசையால் கெடும். காட்டரசு மட்டும் சாபத்தால் ஒரே நாளில் காலியாகிவிடும். ஏன்?

ஒரு காரணம் ஆட்டத்திலேயே இருக்கிறது. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் அதை வெளியிட்டபோதே, பாழடைந்த இடத்துக்குள் இறங்கிப் புதையலோடு திரும்புவதுதான் அதன் அடிப்படை. புதையலை எடுக்க வேண்டுமானால் உரிமையாளர் இருக்கக் கூடாது. வீட்டில் ஆள் இருந்தால் அதற்குப் பெயர் திருட்டு! அதனால் ஊரைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணம் அதைவிடப் பழையது. 1860-இல் கம்போடியாவின் அங்கோர் வாட்டுக்குப் போன ஆன்ரி மூஓ என்ற பிரெஞ்சுக்காரரின் குறிப்புகளைப் படித்த ஐரோப்பா, தொலைந்துபோன நகரத்தை அவர் கண்டுபிடித்ததாகவே நம்பியது. அவர் போன நாளில் அங்கே பிக்குகள் குடியிருந்தார்கள். 1632-இல் வந்த ஒரு ஜப்பானிய யாத்திரிகர் எழுதி வைத்த வரிகள் அந்தக் கோயில் தூணில் இருக்கின்றன. அரசவை தெற்கே போய்விட்டது, விளக்கு அணையவில்லை. மத்திய அமெரிக்காவின் மாயா நகரங்களின் கதையும் அப்படித்தான். கோபுரங்களில் மரம் முளைத்தது உண்மை. மாயா மொழிகளைப் பேசுகிறவர்கள் இன்றும் பல லட்சம் பேர் இருக்கிறார்களே, அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

உங்கள் உலகத்துக்கு நான் சொல்ல நினைப்பது இந்த ஒன்றைத்தான். அரசு விழுந்த மறுநாள் காலையில் அங்கே அடுப்பு மூட்டியது யார் என்று எழுதுங்கள். 42 அரசர்களும் அதற்குப் பிறகு வரட்டும்.

நான் பினாங்கில் இருப்பவள். இரவெல்லாம் மழை பெய்து விட்ட காலைகளில், படகுத்துறைப் பக்கம் நின்றால் வடக்கே ஜெராய் மலை நீலமாகத் தெரியும். 1,217 மீட்டர். கப்பலில் வந்த பழைய வியாபாரிகளுக்கு அதுதான் அடையாளம். அதன் காலடியில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, உங்கள் மாமா சொல்லும் கடாரம். மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில், ஓடைக் கரையில், புக்கிட் பத்து பஹாட் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. போன முறை போயிருந்தபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. கருங்கல் மேடையின் மேல் வரிசையாகத் தூண்பீடங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் வட்டமாக ஒரு குழி. ஒரு குழிக்குள் தண்ணீர் நின்றது, ஒரு பழுத்த இலை, நாலைந்து கொசுப்புழு. கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே ஓரம் வழவழவென்று இருந்தது.

அந்தக் குழியில் மரத்தூண் நின்றிருக்கிறது. மேலே மரமும் ஓலையுமாகக் கூரை இருந்திருக்க வேண்டும். எல்லாம் மண்ணாகிவிட்டது. தெய்வத்தின் வீட்டுக்கே இந்தக் கதி என்றால் மனிதர்களின் வீட்டுக்கு என்ன மிஞ்சும்? அங்கோரிலும் இதேதான். 1296-இல் அங்கே வந்து ஏறத்தாழ ஒரு வருடம் தங்கிய சீனர் ஜோ டாகுவான், சாதாரண ஜனங்கள் கூரைக்கு ஓலைதான் போடலாம், ஓடு போடத் துணியமாட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். பெரிய கோயில்களைச் சுற்றி வெறும் காடுதான் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றியது. 2012-இல் விமானத்திலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி அளந்தபோதுதான் மரங்களுக்கு அடியில் தெருக்களும் குளங்களும் வீட்டு மேடுகளும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன.

ஆக, காட்டரசில் நமக்கு மிஞ்சுவது கல் மட்டும்தான். கல்லில் கட்டப்பட்டதோ பெரும்பாலும் கோயில். அதைப் பார்த்துவிட்டு உலகம் படைக்கிறவர்கள், காட்டு ஜனங்கள் பொழுதெல்லாம் பலி கொடுத்துக்கொண்டே இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். அழுகிப்போன மரத்தை யாரும் எழுதுவதில்லை. நீங்கள் எழுதுங்கள். சந்தை எங்கே கூடியது, படகு எங்கே கட்டினார்கள், மழைக்காலத்தில் நெல்லை எங்கே உலர்த்தினார்கள்?

அதே பள்ளத்தாக்கில் சுங்கை பத்து என்ற இடத்தை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டினார்கள். இரும்பு உருக்கிய உலைகளும், துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்தும் களிமண் குழாய்களும் குவியல் குவியலாகக் கிடைத்தன. இரும்பு உருக்கக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும், எந்த மரத்தின் கரி நின்று எரியும் என்று தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் அரண்மனையில் பிறந்தவனாக இருக்க முடியாது. துறைமுகத்து ராஜாவின் செல்வம் முழுக்க, காட்டுக்குள் இருப்பவன் தலையை ஆட்டினால்தான் கீழே இறங்கி வரும். அகில், தந்தம், மெழுகு, கர்ப்பூரம் எல்லாமே அப்படித்தான்.

கர்ப்பூரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், இது உங்கள் ஆட்டத்துக்கென்றே வைத்திருந்தது போல இருக்கிறது. ஜொகூர்க் காடுகளில் ஜக்கூன் பூர்வகுடிகள் அந்தக் காலத்தில் கர்ப்பூரம் தேடப் போனபோது சாதாரணப் பேச்சைப் பேசவில்லை. அதற்கென்று தனிச் சொற்கள், தனிமொழி. வீட்டில் புழங்கும் சொல் ஒன்று வாயில் வந்துவிட்டாலும் மரத்துக்குள் இருக்கும் கர்ப்பூரம் மறைந்துவிடும் என்பது நம்பிக்கை. கூட்டமாகப் போனவர்கள் எல்லோரும் கட்டுப்பட வேண்டியிருந்தது. ஒரு மொழி, காட்டுக்குள் மட்டுமே உயிரோடு இருந்தது! உங்கள் ஆட்டக்காரர்களை அப்படி ஒரு காட்டுக்குள் அனுப்பிப் பாருங்கள். இந்த இடத்துக்கு மேல் 'நெருப்பு', 'வீடு', 'பசி' என்று சொல்லக் கூடாது, வேறு சொல் கண்டுபிடித்துப் பேசுங்கள் என்று விதி போடுங்கள். நாலு பேரும் தமிழ் பேசுகிறவர்கள், சொல் கிடைக்காமலா போகும்? அன்றிரவு யாருக்கும் கண் சொருகாது. உங்கள் வரலாறும் அந்தத் தடையிலிருந்தே பிறந்துவிடும். யார் முதலில் விதித்தது, எந்த அரசன் மீறினான், மீறிய வருடம் துறைமுகத்துக்கு என்ன வந்து சேரவில்லை?

அரசர் பட்டியலுக்கு வருவோம். நமக்கு மெய்க்கீர்த்தி என்று ஒன்று இருக்கிறது, அரசனின் புகழைக் கல்வெட்டில் பாடி வைப்பது. 1025-இல் ராஜேந்திர சோழன் கடல் கடந்து படையெடுத்ததைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் 13 இடங்கள் வருகின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஒரு அடைமொழி. ஆழ்கடலையே அகழியாகக் கொண்டது மாயிருடிங்கம். நிறைந்த நீரே காவலாக நிற்பது மாப்பப்பாளம். கற்றவர்கள் புகழ்வது தலைத்தக்கோலம். தேன் சொட்டும் சோலைகள் உடையது மாநக்கவாரம். இவற்றில் சில இடங்கள் எங்கே இருந்தன என்பதில் அறிஞர்களுக்கு இன்றும் முழு ஒப்புதல் கிடையாது. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் முதன்முதலாக வாசித்துக் காட்டியபோது 13 ஊரும் என் கண்முன்னே எழுந்து நின்றன. உங்கள் ஏழு அரசுகளுக்கும் ஆளுக்கொரு அடைமொழி எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். எழுதும்போது இன்னொன்றையும் மறக்காதீர்கள். மெய்க்கீர்த்தி ஜெயித்தவன் வீட்டுப் பாட்டு. கடாரத்துக்காரன் அந்த வருடத்தைப் பற்றி என்ன பாடினான் என்று நம் கையில் இல்லை. உங்கள் உலகத்தில் அந்தப் பாட்டும் இருக்கலாம் அல்லவா? துறைமுகத்துச் சுங்கக்காரன் சொல்லும் கதை ஒன்று, பூசாரி சொல்வது வேறு, கர்ப்பூரம் சுமப்பவன் சொல்வது மூன்றாவது. ஆட்டக்காரர்கள் எதை நம்புகிறார்களோ அதன்படி அவர்களுக்கு வழி திறக்கட்டும்.

இப்போது மாமா. அவர் மனம் நோகும் இடம் எனக்குத் தெரியும், எனக்கும் நோகிறது. 2013-இல் அதே பூஜாங்கில், சண்டி என்று மலாய்க்காரர்கள் சொல்லும் பழங்கோயில் ஒன்றின் அடித்தளத்தை வீடமைப்புக்காக நிலத்தைத் திருத்தும்போது இடித்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று நான் சாப்பிடவில்லை. ஆனால் அதை இடித்தது கற்பனை எழுதியவன் அல்ல. நீங்கள் புதுப்பெயர் வைத்து, இது ஆட்டம் என்று சொல்லி எழுதுவதால் கடாரத்துக்கு ஒரு குறையும் வராது. கடாரம் என்றே பெயர் வைத்து, அதில் உங்களுக்குத் தோன்றியதையெல்லாம் கலந்தால் வரும். வாட்சப்பில் சுற்றும் கடாரக் கதைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு படையெடுப்பை நூற்றாண்டுக் கணக்கான ஆட்சியாக நீட்டிவிடுகிறார்கள், பிள்ளைகள் அதை அப்படியே பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்கிறார்கள். துரோகம் என்றால் அதுதான். பெயரை மாற்றிவிடுங்கள், மாமாவையும் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

பாட்டி சொன்ன ஒன்றோடு முடிக்கிறேன். கெடாவில் அவர்கள் இருந்த தோட்டத்தில், பால்மர நிரைக்கு நடுவே ஒரு செங்கல் மேடு இருந்ததாம். யார் கட்டியது என்று லயத்து வீடுகளில் ஒருவருக்கும் தெரியாது. மரத்தில் பால் வெட்டப் போகிற பெண்கள் இருட்டோடு அதைத் தாண்டும்போது பயமாக இருக்கிறது என்று, யாரோ ஒரு கல்லை நட்டு முனியாண்டி என்று பெயரிட்டு விளக்கு வைத்தார்கள். பாட்டியும் வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறார். அந்த மேடு ஆயிரம் வருடத்துக் கோயிலா, பழைய சூளையா, எனக்குத் தெரியாது. பாட்டிக்கு அது தேவைப்படவும் இல்லை. அவர் அந்த இடத்துக்குக் கடைசியாக வந்த குடி, அவ்வளவுதான்.

உங்கள் ஆட்டக்காரர்கள் அடுத்த முறை ஒரு பாழ்நகரத்துக்குள் நுழையும்போது, உடைந்த கோயில் மேடையின் மேல் ஒரு கிழவி பாக்கு உலர்த்திக்கொண்டிருக்கட்டும். புதையல் அவள் உட்கார்ந்திருக்கும் கல்லுக்கு நேர் கீழே இருக்கட்டும். அவள் நிமிர்ந்து பார்த்து, "யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க?" என்று கேட்கட்டும். இருபது முகப் பகடையை உருட்டும் முன்னால் உங்கள் நண்பர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா