மண்ணிறப் பம்பை நிறுத்தலாமா?

கேள்வி: டொக்டர், எனக்கு 34 வயது, சின்ன வயதிலிருந்தே தொய்வு (ஆஸ்துமா). கிளினிக்கில் வாயால் இழுக்கிற நீலப் பம்பும் மண்ணிறப் பம்பும் தந்திருக்கிறார்கள். வீட்டுக்கு முன்னால் வயல், காலபோக வெட்டுத் தொடங்கினால் இரவில் நித்திரை இல்லை. இவர் வவுனியா பஸ்ஸில் கொண்டக்டர். போன கிழமை இருமலோடு வந்து படுத்தார், கொவிட்டாக இருக்குமோ என்று பயந்து பிள்ளைகளோடு மற்ற அறைக்குப் போய்விட்டேன். மண்ணிறப் பம்பில் ஸ்டீரொயிட் இருக்கிறது, எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் அதை விட்டுவிட்டேன். நீலம் மட்டும் அடிக்கிறேன், நாளுக்கு நாலைந்து தரம். எங்களைப் போன்றவர்களுக்குக் கொவிட் வந்தால் தப்ப ஏலாதா?
– வாசகி, விசுவமடு

பதில்: தங்கச்சி, இவருடைய இருமலை விட, அந்த "நாளுக்கு நாலைந்து தரம்" தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கிழமைக்கு இரண்டு தரத்துக்கு மேல் நீலம் தேவைப்பட்டாலே தொய்வு கட்டுப்பாட்டில் இல்லை என்றுதான் கணக்கு. நீலம் சுருங்கின மூச்சுக்குழாயைக் கொஞ்ச நேரத்துக்கு விரித்துவிடும், அவ்வளவுதான், உள்ளே இருக்கிற வீக்கத்தை அது தொடாது. வீக்கத்தை ஆற்றுவது மண்ணிறம். இன்று இரவே திரும்பத் தொடங்குங்கள், கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிற அளவுக்கு. அடித்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படரும்.

ஸ்டீரொயிட் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாருக்கும் நடுக்கம். பிரட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை ஒன்று 5 மில்லிகிராம். உங்கள் பம்பில் ஒரு இழுவை 100 மைக்ரோகிராம் என்று வையுங்கள், எடையில் அது ஐம்பதில் ஒரு பங்கு, அதுவும் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. 2020இல் தொய்வுக்காரர்தான் முதலில் விழுவார்கள் என்று நாங்களும் பயந்தோம். பிறகு வந்த ஆய்வுகளில், தொய்வு கட்டுப்பாட்டில் இருக்கிறவர்களுக்குக் கொவிட்டால் சாகிற ஆபத்து மற்றவர்களை விடக் கூடவில்லை என்று தெரிந்தது. ஆபத்துக் கூடினது, அண்மையில் ஸ்டீரொயிட் குளிசை குடிக்க வேண்டி வந்தவர்களுக்கும், முட்டுக் கூடி வார்டில் படுத்தவர்களுக்கும். நீங்கள் மண்ணிறத்தை விட்டால் அந்தப் பக்கம்தான் போகிறீர்கள். இன்னொன்று, 2021இல் ஒக்ஸ்போர்டில் கொவிட் தொடங்கினவர்களுக்கு இதே வகைப் பம்ப் மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்த்தபோது, அவசரமாக வைத்தியம் தேட வேண்டி வந்தவர்கள் குறைந்தார்கள். அதற்காக அக்காவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற எதிரி வெட்டு மெசின். அது வயலில் இறங்கினால் சுணையும் தூசும் காற்றோடு வரும், பின்னால் வைக்கோல் எரிக்கிற புகை. கொவிட்டுக்கு வாங்கி வைத்த மாஸ்க்கை அந்த நாட்களில் போடுங்கள், காற்று வருகிற பக்கத்து யன்னலைச் சாத்துங்கள். நுளம்புச்சுருளை விட்டு வலை கட்டுங்கள். விறகடுப்பு என்றால் குசினியில் புகை போக வழி இருக்கட்டும்.

இவருக்குத் திரும்ப இருமலும் காய்ச்சலும் வந்தால் அவரை விறாந்தையில் படுக்க வைத்து, இரண்டு பேரும் மாஸ்க் போட்டால் போதும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடத் தேவையில்லை. உங்களுக்கே காய்ச்சல், தொண்டை நோ, உடம்பு உளைவு வந்தால் அது வெறும் தொய்வு இல்லை என்று எடுங்கள். அப்போதும் இரண்டு பம்பையும் நிறுத்தக்கூடாது. வீட்டில் நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கித் தருகிற மெசின்) இருந்தால் அதைப் பாவிக்காதீர்கள், கிருமி அறை முழுக்கப் பரவலாம், பம்பை ஸ்பேசரோடு (பம்புக்கும் வாய்க்கும் நடுவில் பிடிக்கிற குழாய்) அடிப்பது அதே வேலையைச் செய்யும். ஸ்பேசர் இல்லாவிட்டால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாக நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டும் செய்யலாம், பார்க்க அழகில்லை, வேலை செய்யும்.

முட்டு வந்தால் நீலம் நாலு இழுவை, ஒவ்வொன்றாக. 20 நிமிடத்தில் குறையவில்லை, அல்லது ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, அல்லது விரலில் மாட்டுகிற கருவியில் ஒட்சிசன் 94க்குக் கீழே என்றால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு ஃபோன் எடுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். வருகிற வரைக்கும் நிமிர்ந்து இருந்து நீலத்தைத் தொடருங்கள்.

தடுப்பூசி தொய்வைக் கூட்டும் என்றும் சிலர் எழுதுகிறார்கள். தொய்வு அதற்குத் தடை இல்லை, முன்பு எந்த ஊசிக்காவது கடும் ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கொத்தமல்லித் தண்ணீர் விருப்பம் என்றால் குடியுங்கள், ஆனால் பம்புக்குப் பதிலாக இல்லை. 2020 டிசம்பரில் கேகாலையில் கொவிட்டுக்கு மருந்து என்று சொன்ன நாட்டுப் பாணியை (சிரப்) வாங்கச் சனம் முண்டியடித்தது நினைவிருக்கும், அந்த நெரிசலே நோயைப் பரப்பப் போதும்.

அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்காமல் இந்தக் கிழமையே போங்கள். மண்ணிறத்தை விட்டதை மறைக்க வேண்டாம், ஏச்சு விழுந்தாலும் பரவாயில்லை, மறைத்தால் மருந்தின் அளவை வீணாகக் கூட்டிவிடுவார்கள். இரண்டு பம்பையும் கொண்டுபோய் நேர்ஸுக்கு முன்னால் அடித்துக் காட்டுங்கள், வருடக்கணக்காகப் பாவிக்கிறவர்களிலேயே நிறையப் பேர் மருந்தைத் தொண்டையோடு நிறுத்திவிடுகிறார்கள்.