ஒரே பம்பு, மூன்று பாடம்

கேள்வி: மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் அரியர். பைத்தான் கம்ப்யூட்டர் மொழி வேறு கட்டாயம். நியூக்ளியர் எலெக்டிவ் எடு என்கிறார் அண்ணன். சம்பந்தமே இல்லாத இந்த மூன்றையும் எதற்குப் படிக்க வேண்டும்?
- ஒரு மாணவர், திருநெல்வேலி

பதில்: கூடங்குளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைக் கேட்கலாமா தம்பி! அங்கே ஓர் அணு உலை 1000 மெகாவாட் மின்சாரம் தர, உள்ளே 3000 மெகாவாட் வெப்பம் கிளம்புகிறது. உலையை நிறுத்தினால் கேஸ் அடுப்பை அணைத்த மாதிரி ஆகிவிடாது. அணுப்பிளவு நின்ற பிறகும் அதில் பிறந்த கதிரியக்கப் பொருள்கள் சூடாக்கிக்கொண்டே இருக்கும், நிறுத்திய கையோடு பார்த்தால் அதுவே முழு வெப்பத்தில் சுமார் 6 சதவீதம், அதாவது 180 மெகாவாட். நேரம் போகப் போகத்தான் குறையும். அதுவரை தண்ணீர் ஓடியாக வேண்டும். 2011-ல் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகத்தான் நின்றன. சுனாமி வந்து டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது, குளிர்விக்கும் பம்புகளுக்குக் கரண்ட் இல்லை.

சரி, பம்பு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? குழாயில் ஓடும் தண்ணீரின் உராய்வைக் கணக்கிட வேண்டும், அதுதான் உங்கள் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். அதற்கான கோல்புரூக் சமன்பாட்டில் உராய்வுக் காரணி இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும், ஒரு பக்கமாக இழுத்துவர முடியாது. நாங்கள் அந்தக் காலத்தில் மூடி (Moody) என்பவர் பெயரிலான உராய்வு வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக் கண்ணைச் சுருக்கிப் படித்தோம். உங்களுக்குப் பைத்தானில், வந்த விடையையே திரும்பத் திரும்பப் போட்டுக் கணக்கிடும் நாலு வரி லூப் போதும். ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா, கொந்தளிப்பானதா என்று காட்டும் எண்) 1 லட்சம், குழாயின் சொரசொரப்பு விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கொடுத்து, உராய்வுக் காரணி 0.02 என்று குத்துமதிப்பாக ஆரம்பியுங்கள்: முதல் சுற்றில் 0.0223, அடுத்ததில் 0.0222, அப்புறம் நகராது. இன்று ராத்திரியே போட்டுப் பாருங்கள், அரியர் பேப்பரில் பாதி பயம் போய்விடும்.

கேள்வி: அணுசக்தித் துறையில் சேர நியூக்ளியர் டிகிரிதான் வேண்டுமா?
- அதே மாணவர்

பதில்: வேண்டாம். பாபா அணு ஆராய்ச்சி மையம் 1957 முதல் பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. மெக்கானிக்கல், கெமிக்கல், எலெக்ட்ரிக்கல் என்று பல பிரிவுக்காரர்களையும் எடுத்து, அணு சம்பந்தப்பட்டதை அவர்களே ஒரு வருடம் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் பொறியியலில் 60 சதவீதம் கேட்பார்கள், அதனால் எலெக்டிவ் பற்றி அண்ணனிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம், முதலில் அந்த அரியர்.