கிரேக்கம் தெரியாதவர், பண்டைக் கிரேக்க, லத்தீன் நூல்களைப் பயிலும் செவ்வியல் துறையின் பொதுச் சொற்பொழிவுக்குப் போகலாமா? போனால் கேள்வி கேட்கலாமா?

தாராளமாகப் போகலாம், கேள்வியும் கேட்கலாம். உங்களுக்கு இருக்கும் இதே தயக்கத்தில் இரண்டு ஆண்டுகளை இழந்தவன் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

நீங்கள் வேறு ஏதோ வேலையில் இருப்பவர், பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹோமரையோ நாடக ஆசிரியர் சோஃபக்ளீஸையோ மொழிபெயர்ப்பில் படித்திருக்கிறீர்கள், துறையின் அறிவிப்பில் ‘அனைவரும் வரலாம்’ என்று இருப்பது உங்களையும் சேர்த்துத்தானா என்று யோசிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். கணக்குத் தணிக்கை என் தொழில்.

முதலில் அறிவிப்பைக் கவனித்துப் படியுங்கள். ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் கருத்தரங்கு வேறு, ஒருவர் நினைவாக நிறுவப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவு வேறு. முன்னதில் மூல வரிகளை மொழிபெயர்க்காமலே பேசிக்கொண்டு போவார்கள். பின்னதில், வெளியாட்கள் வருவார்கள் என்று தெரிந்தே பேச வருகிறார்கள். இரண்டாவது வகையை இளக்காரமாக நினைக்க வேண்டாம். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1914 முதல் நடந்துவரும் சேதர் சொற்பொழிவுகளில் பேசியவைதான், கிரேக்கர்களின் பகுத்தறிவுக்கு அப்பாற்பட்ட பக்கத்தைப் பற்றி ஈ. ஆர். டாட்ஸ் 1951 இல் வெளியிட்ட நூலாகவும், பண்டைப் பொருளாதாரம் பற்றி மோசஸ் ஃபின்லி 1973 இல் வெளியிட்ட நூலாகவும் ஆயின. இன்று அடிக்குறிப்புகளோடு நாம் படிக்கும் வாதங்களை முதலில் ஓர் அரங்கில் உட்கார்ந்து காதால் கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள்.

அடுத்து, ஹேண்ட்அவுட். செவ்வியல் துறைக் கூட்டங்களில் வாசலிலேயே ஓர் அச்சுத்தாளைக் கையில் கொடுப்பார்கள். பேச்சாளர் எடுத்தாளப் போகும் கிரேக்க, லத்தீன் பகுதிகள் அனைத்தும் அதில் எண்ணிட்டு இருக்கும். பொதுச் சொற்பொழிவு என்றால் பெரும்பாலும் பக்கத்திலேயே மொழிபெயர்ப்பும் இருக்கும். ‘ஏழாவது பகுதி’ என்று மேடையிலிருந்து குரல் வந்ததும் அரங்கு முழுவதும் ஒரே நேரத்தில் தாள் புரளும் ஓசை கேட்கும். அந்தத் தாள் கையில் இல்லாவிட்டால் பாதிப் பேச்சு போய்விடும். தீர்ந்துபோவதும் உண்டு, ஆகவே கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

எனக்கு நடந்ததும் ஓர் ஏழாவது பகுதியில்தான். ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் காவியமான இலியட்டின் 24 ஆம் பாடலைப் பற்றிய சொற்பொழிவு அது. மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு வாங்க, ட்ராயின் கிழட்டு அரசன் பிரியாம் இரவில் எதிரியின் கூடாரத்துக்குள் நுழைந்து, ஹெக்டரைக் கொன்ற கிரேக்க வீரன் அகில்லீஸின் முழங்கால்களைப் பற்றிக்கொண்டு, தன் பிள்ளைகள் பலரைக் கொன்ற அந்தக் கைகளில் முத்தமிடும் இடம். முந்தின இரவு வீட்டில் நான் படித்த மொழிபெயர்ப்பில் அந்தக் கைகளுக்கு இரண்டு அடைமொழிகள் இருந்தன: பயங்கரமானவை, ஆள்கொல்லிகள். தாளில் இருந்த மொழிபெயர்ப்பில் முதலாவது மட்டுமே இருந்தது. தொகையை ஒத்துப் பார்த்தே பழகிய கண் என்பதால் அது உறுத்தியது. கேள்வி நேரத்தில் எழுந்து, ‘இரண்டாவது சொல் மூலத்தில் இருக்கிறதா, அல்லது என்னிடம் உள்ள மொழிபெயர்ப்பாளர் தாமாகச் சேர்த்ததா?’ என்று கேட்டேன்.

பேச்சாளர் வாயைத் திறப்பதற்குள், முன்வரிசையில் இருந்த ஒருவர் பாதி திரும்பி, ‘இதெல்லாம் மூலம் படிக்கத் தெரிந்தவர்கள் கேட்க வேண்டியது’ என்றார். எனக்குக் காது வரை சூடேறியது. பேச்சாளர் அதைப் பொருட்படுத்தாமல் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, மூலத்தில் இருக்கிறது, மொழிபெயர்ப்பில் விட்டுப்போனது தம் கவனக்குறைவு என்றார். பிறகு ஐந்து நிமிடம் அந்த ஒரு சொல்லைப் பற்றியே பேசினார். ‘ஆந்த்ரோஃபோனோஸ்’, அதாவது ஆள்கொல்லி, என்பது அந்தக் காவியத்தில் பெரும்பாலும் ஹெக்டருக்கு உரிய அடைமொழி. நண்பன் பேட்ரோக்ளஸின் பிணத்தின் மார்பில் அகில்லீஸ் வைத்து அழுத கைகளுக்கும் அது வருகிறது. கடைசியில், ஹெக்டரைக் கொன்ற கைகளில் ஹெக்டரின் தந்தை முத்தமிடும்போது மறுபடியும் வருகிறது என்று விளக்கினார்.

நான் வீட்டுக்கு எடுத்துப்போனது அந்த ஐந்து நிமிடத்தை அல்ல, முன்வரிசைக்காரரின் ஒரு வாக்கியத்தை. அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள் புத்தகத்தைப் புரட்டும்போது அந்தத் தாள் கீழே விழுந்தது. ஏழாவது பகுதியின் ஓரத்தில் பென்சிலில் நானே குறித்திருந்தேன்: ‘ஹெக்டரின் சொல். கொன்றவன் கைக்கு வந்துவிட்டது.’ இவ்வளவு பெரிய ஒன்றைக் கேள்வி கேட்டுப் பெற்றுக்கொண்டு, அவமானப்பட்டதாக மட்டும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அடுத்த மாதமே மீண்டும் போனேன்.

மொழி கற்க வேண்டியதில்லை என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மூலத்தின் அருமை தெரிந்த பிறகுதான் நானே கிரேக்கத்தின் 24 எழுத்துகளில் தொடங்கினேன். வினைச்சொற்களில் இன்றும் தடுமாறுகிறேன். பேராசிரியர்களைக் குறை சொல்வதும் என் நோக்கமல்ல. எனக்காக நின்று விடை சொன்னவரும் ஒரு பேராசிரியர்தான். வெளியாள் என்பதே ஒரு குறையாகிவிடாது என்று மட்டும் சொல்கிறேன். 1936 இல் லண்டன் கண்காட்சி ஒன்றில், கிரீட் தீவில் கிடைத்த, யாராலும் படிக்க முடியாத களிமண் பலகைகளைப் பற்றி, அவற்றை அகழ்ந்தெடுத்த ஆர்தர் எவன்ஸிடமிருந்தே கேட்டபோது மைக்கேல் வென்ட்ரிஸ் 14 வயதுப் பள்ளி மாணவர். பின்னாளில் அவர் கட்டடக் கலைஞரானாரே தவிரச் செவ்வியல் பேராசிரியர் ஆகவில்லை. 1952 இல் அந்தப் பலகைகளில் இருந்த, லீனியர் பி எனப்படும் எழுத்தைப் படித்து, அதற்குள் இருப்பது கிரேக்கமே என்று காட்டியவர் அவர்தான்.

பேச்சு வேண்டாம் என்றால், இலியட்டைப் பலர் முறை வைத்து விடிய விடிய வாசிக்கும் நிகழ்ச்சிகளுக்குப் போங்கள். 15,000 அடிகளுக்கு மேல் இருப்பதால் வாசிக்க ஆள் எப்போதும் தேவைப்படும். கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 1882 முதல் மூலமொழியிலேயே கிரேக்க நாடகம் போட்டு வருகிறார்கள். பார்க்க வருபவர்கள் எல்லாரும் கிரேக்கம் தெரிந்தவர்கள் அல்லர்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். இணையவழிக் கூட்டங்கள் பெருகிய பின், ‘அனைவரும் வரலாம்’ என்று அறிவித்துவிட்டு, பதிவுப் படிவத்தில் ‘நீங்கள் சார்ந்த நிறுவனம்’ என்ற கட்டத்தைக் கட்டாயமாக்கி வைக்கிறார்கள். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. ஓய்வு பெற்றவர், வீட்டில் இருந்து படிப்பவர், வேறு தொழிலில் இருப்பவர் எல்லாரும் அந்த இடத்திலேயே திரும்பிப் போய்விடுவார்கள் என்பதை அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்கள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நான் அதில் ‘வாசகர்’ என்று எழுதுகிறேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள். இதுவரை எந்தத் துறையும் என்னை மறுத்ததில்லை.