120 கல் பத்தாது சார்

அன்புள்ள ஐயா,

பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் பயிற்சி. தினமும் பாடம் எடுத்தபின், அது எப்படிப் போனது என்று ஏட்டில் 'சிந்தனைக் குறிப்பு' எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மதிப்பெண் உண்டு. தோழிகள் சீனியர்களின் ரெக்கார்டைப் பார்த்தே எழுதிவிடுகிறார்கள். நான் மட்டும் மெனக்கெடுகிறேன். இதனால் பயன் உண்டா?

எஸ்., காரைக்குடி

அன்புள்ள எஸ்.,

உங்கள் தோழிகளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் அப்படித்தான் எழுதினேன். எங்கள் காலத்தில் பி.எட். ஒரே வருஷம், 2015இல்தான் இரண்டு வருஷமாகி, பள்ளிப் பயிற்சியும் நீண்டது.

என் பயிற்சியின்போது ஒருநாள் ஆறாம் வகுப்புக்குப் பரப்பளவு எடுத்தேன். 12 அடிக்கு 10 அடி அறை, தரையில் பதிக்க ஓரடிச் சதுரக் கல், எத்தனை வேண்டும்? எல்லோரும் 120 என்றார்கள். கடைசி பெஞ்சுப் பையன் மட்டும், "120 வாங்குனா பத்தாது சார்" என்றான். அவன் அப்பா ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவர். "உடையும்ல? சுவத்தோரம் வெட்டணும்ல?" வகுப்பு சிரித்தது. பின்னால் வழிகாட்டி ஆசிரியர் உட்கார்ந்திருக்கிறார், எனக்கு வேர்த்துவிட்டது. "புஸ்தகத்துல உள்ளத சொல்லு, உட்காரு" என்றேன். சாயங்காலம் ஏட்டில், 'மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். கற்றல் நோக்கம் நிறைவேறியது.' சிவப்பு மையில் 'நன்று' விழுந்தது. அந்தப் பையன் அப்புறம் என் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1983இல், செய்யும் வேலையைப் பற்றிச் சிந்திப்பதை இரண்டாகப் பிரித்தார்: வேலை நடக்கும்போதே யோசித்துத் திருத்திக்கொள்வது ஒன்று, முடிந்தபின் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. முதலாவது புதியவர்களுக்கு லேசில் வராது. அதனால்தான் சாயங்கால ஏடு. ஆனால் அதற்கே மார்க் என்றால் தன் தப்பை யார் எழுதுவார்கள்?

அந்தக் காலத்தில் நம் பக்கத்திலிருந்து பர்மாவுக்கு வட்டிக்கடைப் பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகும் சிறுவனாகப் போனவன் கணக்கு எழுதித்தான் தொழில் கற்றான். கணக்கு உதைத்தால் கையெழுத்தழகு காப்பாற்றாது. பணப்பெட்டியைத் திறந்து எண்ணிவிடுவார்கள். நம் ஏட்டுக்கு அப்படி ஒரு பெட்டி இல்லை.

கையெழுத்துக்குப் போகிற ஏடு வழக்கம்போல் போகட்டும், சண்டை வேண்டாம். தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். பஸ் ஏறுவதற்குள் ஒரு பிள்ளை சொன்னதை அது சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். அதன் கீழே நீங்கள் சொன்ன பதில். இரண்டு வரி போதும். 'நிறைவேறியது' மாதிரி சொல் வந்தால் அடித்துவிடுங்கள்.

நான் அன்று அப்படி எழுதியிருந்தால் மறுநாள் அவனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, நூறு கல்லுக்கு எத்தனை கூடுதலாக வாங்குவார்கள் என்று கேட்டிருப்பேன். சதவீதப் பாடம் அங்கேயே தொடங்கியிருக்கும்.