அந்தப் பையனும் அவன் தலைமுறையும்

வணக்கம் ஐயா,

பழைய சோனகர் தெருவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். 22 வயதுப் பையன் ஒருவனைக் கணக்கெழுத வைத்திருந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டு ஊழியர் சேமலாப நிதியில் சேர்க்கலாம் என்றிருந்தேன். இரண்டாம் மாதமே சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். கிடங்குச் சாவியும் அவனிடம். போனை எடுக்கவில்லை, பூட்டை உடைத்துத்தான் சரக்கு எடுத்தோம். என் மகனும் அப்படித்தான், சம்பளம் வந்த கையோடு செலவழித்துவிடுகிறான். இந்தத் தலைமுறைக்கே பொறுப்புக் கிடையாது. அவனுடைய பதினொரு நாள் சம்பளம் என்னிடம் இருக்கிறது. கொடுக்கத்தான் வேண்டுமா?

வாசகர், கொழும்பு 12

அன்புள்ள ஐயா,

கொடுத்துவிடுங்கள். வேலை செய்த நாட்களுக்கு உரிய பணம் அது.

அவன் செய்தது தவறு. வேலையை விடுவது அவன் உரிமை. சாவியோடு போனதற்கும் போனை எடுக்காததற்கும் எந்தச் சமாதானமும் இல்லை. ஆனால் அந்தக் குற்றத்தை நீங்கள் ஒரு தலைமுறையின் தலையில் கட்டும்போது அவன் தப்பிவிடுகிறான். எல்லோருமே அப்படி என்றால் அவனை மட்டும் எப்படிக் கேட்பது? என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

இந்த வயதுப் பிள்ளைகள் வந்த வழியையும் பாருங்கள். 2019இல் சாதாரண தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, உங்கள் கடைக்குப் பக்கத்திலுள்ள கொச்சிக்கடைத் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அடுத்த மார்ச்சில் கொரோனா பள்ளிக்கூடத்தை மூடியது. 2022இல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைக்குக் காகிதம் இல்லை. ஜூனில் பெற்றோல் இல்லாமல் மறுபடி பள்ளிக்கூடம் மூடப்பட்டது. வழமையாக ஆகஸ்டில் நடக்கும் உயர்தரப் பரீட்சையை 2023 ஜனவரியில்தான் எழுதினார்கள். இத்தனைக்கும் நடுவில் படித்துத் தேறியவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மகனின் செலவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் எழுபது வீதத்தை நெருங்கியது. பெற்றோர் வங்கியில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கண்ணெதிரே கரைந்ததைப் பார்த்த பிள்ளைக்கு, 'சேமி' என்ற ஒற்றைச் சொல் போதாது. எதில், எதற்காக, எவ்வளவு என்று உட்கார்ந்து பேச வேண்டும். சேமிக்க வேண்டிய கடமை அதன் பிறகும் அவனுடையதுதான். அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சேர்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே உண்டு. தகுதிகாண் காலமும் அதில் அடக்கம். அவன் சம்பளத்தில் 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம். தெருவில் எல்லாக் கடைகளிலும் இதுதான் வழக்கம் என்று நீங்கள் சொல்லக்கூடும். வேலைக்கு வரும் பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது அந்த வழக்கத்தைத்தான்.

அவன் வேலை செய்த நாட்களுக்கெல்லாம் நிதியைக் கட்டுங்கள். பிறகு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்: சம்பளம் தயாராக இருக்கிறது, சாவியோடு நேரில் வா. வந்தால் உட்கார வைத்து, பூட்டு உடைத்த நாளில் என்ன நடந்தது, யார் யார் காத்திருந்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். ஏன் போனான் என்பதையும் கேளுங்கள். தலைமுறை என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.